சென்ட்ரிங் வேலையில் விரல் போனது, பத்திரத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று: இனி இழப்பீடு கேட்க முடியுமா?

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்கு 30 வயது. சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் போடுவதற்கு முன் பலகையும் முட்டும் அடிக்கும் வேலை. பாளையங்கோட்டையில் ஒரு பில்டர் கட்டும் அடுக்குமாடிக் கட்டடத்தில், சொந்தக்கார மேஸ்திரியிடம் தினக்கூலி 900 ரூபாய்க்கு வேலை பார்த்தவர். 2025 ஜூனில் கை கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டிப் பலகை அறுக்கும்போது மெஷின் துள்ளி, இடது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும் நடுவிரலில் ஒரு கணுவும் போய்விட்டன. மோதிர விரல் இருக்கிறது, ஆனால் மடங்குவதில்லை. மேஸ்திரி முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார், அங்கே ‘வீட்டில் மரம் அறுக்கும்போது’ என்று எழுதிவிட்டார்கள். பிறகு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. செலவு போக 25,000 ரூபாய் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. ‘இடது கைதானே, வேலை பார்க்கலாம்’ என்கிறாராம் மேஸ்திரி. இனி ஏதாவது செய்ய முடியுமா, செய்தால் சொந்தபந்தம் என்ன சொல்லும் என்பது கேள்வி.

தங்கச்சி, முடியும். அந்தக் கையெழுத்தால் உங்கள் வீட்டுக்காரரின் உரிமை போகவில்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதிப் பேர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உங்களுக்குப் பொருந்துவது 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. உங்கள் விபத்து அதற்கு முன்னால் நடந்ததால் பழைய சட்டப்படிதான் கேட்க வேண்டும். அதற்குப் பின் அடிபட்டவர்களுக்குப் புதிய தொகுப்பின் ஏழாவது அத்தியாயம். அடிப்படை ஒன்றுதான்: வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால், வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. மொத்தத் தொகை பேசி முடித்திருந்தால் அந்த ஒப்பந்தத்தை தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. அனுப்ப வேண்டியது வேலை கொடுத்தவர், நீங்கள் இல்லை. தொகை மிகக் குறைவாக இருந்தாலோ, ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கியிருந்தாலோ ஆணையர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவே செய்யாவிட்டால் என்ன என்பதற்கு 29ஆம் பிரிவு: முழு இழப்பீட்டையும் அவர் கொடுத்தாக வேண்டும், ஏற்கெனவே இழப்பீடாகக் கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது, ஆணையர் வேறு மாதிரி உத்தரவிட்டால் தவிர. ஆக அந்த 25,000 ரூபாயில் சாதாரணமாகக் கழிக்கக் கூடியது 12,500. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தை இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மருத்துவச் செலவு தனி, அது முழுவதும் வேலை கொடுத்தவர் பொறுப்பு. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இது வந்தது.

‘மெஷினை நீதானே சரியாகப் பிடிக்கவில்லை’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தச் சட்டத்தில் யார் மேல் தப்பு என்ற கேள்வியே கிடையாது. கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குடித்திருந்தது, பாதுகாப்புக்காகக் கொடுத்த விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது, இந்த மூன்றை மட்டும்தான் அவர்கள் சொல்லலாம். சொல்பவர்தான் நிரூபிக்கவும் வேண்டும். இங்கே கவனியுங்கள்: கை கிரைண்டர் உலோகம் வெட்டவும் தேய்க்கவும் செய்யப்பட்ட மெஷின். அதில் பல்லு வைத்த மர பிளேடு மாட்டினால் பல இடங்களில் பாதுகாப்பு மூடி உட்காராது, அதனால் மூடியைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பல்லு பலகையில் கடித்த நொடியில் மெஷின் கையை விட்டுத் துள்ளும். மூடியில்லாத மெஷினைத்தான் மேஸ்திரி கொடுத்தார், எல்லோரும் அதில்தான் அறுத்தார்கள் என்றால், ‘இவன் கழற்றினான்’ என்ற பேச்சு நிற்காது. கூட வேலை பார்த்தவர் ஒருவர் இதைச் சொன்னால் போதும். அந்த சைட்டில் எடுத்த பழைய போட்டோ எதிலாவது மெஷின் தெரிகிறதா என்று போனில் தேடிப் பாருங்கள்.

இப்போது கணக்கு. இதை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் யார் எந்தத் தொகை சொன்னாலும் சரியா தவறா என்று தெரியாது.

சட்டத்தின் முதல் அட்டவணையில் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று எழுதியிருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9. நடுவிரல் முழுதும் 12, இரண்டு கணு 9, ஒரு கணு 7. மோதிர விரலோ சுண்டுவிரலோ முழுதும் போனால் 7. நாலு விரலும் போனால் 50, கையே போனால் 60. உங்கள் வீட்டுக்காரருக்கு 11-ம் 7-ம் சேர்த்து 18 சதவீதம்.

அடுத்து மாதச் சம்பளம். 900 ரூபாய்க் கூலிக்கு மாதம் 20,000-க்கு மேல் வரலாம், ஆனால் 2020 ஜனவரி 3 முதல் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கேற்ற பெருக்கும் எண் நாலாவது அட்டவணையில் இருக்கிறது, 30 வயதுக்கு 207.98. பெருக்கினால் 18,71,820. முழு ஊனத்துக்கான தொகை இது. இதில் 18 சதவீதம் என்றால் ஏறக்குறைய 3,36,900 ரூபாய்.

இதோடு நிற்காதீர்கள். அட்டவணையின் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது: ஒரு உறுப்பு இருந்தும் நிரந்தரமாக முழுவதும் பயன்படாமல் போனால், அது போனதற்குச் சமம். மோதிர விரல் அப்படி ஆகிவிட்டது என்று டாக்டர் சான்று கொடுத்தால் இன்னொரு 7 சதவீதம் சேரும். மொத்தம் 25, தொகை 4,67,955. கொஞ்சம் மடங்குகிறது என்றால், எத்தனை இழப்பு என்று டாக்டர் மதிப்பிடுவார்.

‘இடது கைதானே’ என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கிற இடம். சென்ட்ரிங் வேலை பார்ப்பவர் ஆணியை எந்தக் கையில் பிடிக்கிறார்? முட்டுக் கம்பைச் சாய்த்துப் பிடிப்பது, ஷீட்டைத் தாங்குவது, சாரத்தில் ஏறும்போது கம்பைப் பற்றுவது எல்லாம் எந்தக் கை? சுத்தியல் மட்டும்தான் வலது கையில். ஆள்காட்டி விரல் இல்லாமல், மோதிர விரல் மடங்காமல் உயரத்தில் ஏறிப் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஆளை மறுபடியும் ஆபத்தில் தள்ளுவது. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஒடிசாவில் ஒரு சினிமா கொட்டகையில் வேலை பார்க்கும்போது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவரும் இடது கை இழந்தவர்தான். தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, எனவே அவருக்கு இது முழு ஊனம் என்று நீதிமன்றம் ஏற்றது. உங்களுக்கு நூறு சதவீதம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, இரண்டு மூன்று விரல் வேறு, கை வேறு. ஆனால் எந்த வேலை பார்த்தவர், அந்த வேலையை இனிப் பார்க்க முடியுமா என்று ஆணையர் முன்னால் கேட்க உங்களுக்கு வலுவான ஆதாரம் அந்தத் தீர்ப்பு. அதனால் சான்று வாங்கும்போது ‘இரண்டு விரல் இல்லை’ என்பதோடு விடாமல், பிடிப்பு வலு எவ்வளவு, சென்ட்ரிங் வேலையில் என்னென்ன செய்ய முடியாது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குத் தரும் சதவீதம் வேறு, இழப்பீட்டுக்கான சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க விடாதீர்கள்.

வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த நாளுக்கும் பணம் உண்டு. அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். 15,000 கணக்கில் 3,750 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைக் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம்.

சரி, யார் கொடுப்பது? சொந்தக்காரர் என்ற தயக்கம் இங்கேதான் வருகிறது. புரிகிறது. கோயில் கொடையில் ஒரே வரிசையில் உட்கார வேண்டிய ஆள் மேல் மனு போடுவது லேசான காரியம் இல்லை. ஆனால் 12ஆம் பிரிவைப் பாருங்கள். கட்டடம் கட்டுவதையே தொழிலாகச் செய்பவர், அதில் ஒரு பகுதியை மேஸ்திரிக்கு விட்டிருந்தால், மேஸ்திரியின் ஆளுக்கும் அவரே இழப்பீடு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் அவர் வசூலிக்கலாம், அது அவர்கள் பாடு. ஆகவே மனுவில் பில்டர், மேஸ்திரி இருவரையும் சேருங்கள். பில்டர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தக் கம்பெனியையும் சேருங்கள், பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். மேஸ்திரியிடமும் நேராகவே சொல்லலாம்: அண்ணாச்சி, உங்களை அழிக்க வரவில்லை, எங்கள் ஆள் உங்களிடம்தான் வேலை பார்த்தார் என்று உண்மையைச் சொல்லுங்கள், அது போதும். பல மேஸ்திரிகள் ஒரு காலத்தில் கையாளாக இருந்து வந்தவர்கள்தான். பயம் விலகினால் சாட்சி சொல்வார்கள்.

வேறு யாராவது படிப்பார்கள் என்பதற்காக ஒன்று: தன் வீட்டைத் தானே கட்டும் சாதாரண ஆளுக்கு இந்த 12ஆம் பிரிவு பொதுவாகப் பொருந்தாது, அவருக்குக் கட்டடம் தொழில் இல்லையே. அங்கே கான்ட்ராக்ட் எடுத்தவர்தான் பொறுப்பு. வீட்டு உரிமையாளரே நேரடியாகக் கூலி கொடுத்து ஆள் வைத்திருந்தால் கதை வேறு. இன்னொன்று, பெரிய கம்பெனி சைட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் ஊனத்துக்கான தொகையை அங்கேதான் வாங்க வேண்டும், இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது. 2015 ஆகஸ்டிலிருந்து கட்டடத் தொழிலாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த எண் எதுவும் போடவில்லை என்றால் இந்தக் கவலை இல்லை. இருந்தாலும் பில்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் ஆஸ்பத்திரியில் ‘வீட்டில்’ என்று எழுதியது உங்கள் வழக்கில் இருக்கும் பெரிய ஓட்டை. அதை அடைக்க வேலை செய்ய வேண்டும். ஹைகிரவுண்டில் சேர்த்தபோது விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள்? அந்த நகலையும் காயச் சான்றையும் முதலில் வாங்குங்கள். அங்கே ‘கட்டட வேலையில்’ என்று இருந்தால் பாதிப் பாரம் குறைந்தது. இல்லாவிட்டாலும் வழக்கு முடிந்துவிடாது. கூலி ஜிபேயில் வந்திருந்தால் அந்தப் பட்டியல், மேஸ்திரியின் பற்று வரவு நோட்டில் பெயர் இருக்கும் பக்கம், வாட்ஸப்பில் ‘நாளைக்கு பாளையங்கோட்டை சைட்டுக்கு வா’ என்று வந்த ஆடியோ, கூடப் போன இருவரின் வாக்குமூலம், எல்லாம் சாட்சியம்தான். உங்களை அடக்கப் பயன்படுத்திய அந்தப் பத்திரமே ஒரு ஆதாரம். விபத்தே நடக்காமல், வேலை கொடுக்காமல், ஏன் 25,000 கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்? அதன் நகல் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். போலீஸ் புகார் கொடுக்கவில்லை என்பதால் இழப்பீட்டு மனு நிற்காது. ஆனாலும் இப்போதாவது கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவைப்பது நல்லது.

மனு போட வேண்டிய இடம் திருநெல்வேலி தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம், இழப்பீட்டு ஆணையர் அவர்தான். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், உங்களுக்கு 2027 ஜூன் வரை. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் இடமுண்டு, அதை நம்பி உட்கார வேண்டாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்காரரும் ஆஜராகலாம். வக்கீல் வேண்டும், காசில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசும் ஆளிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்புக்கு எதிராக வேலை கொடுத்தவர் மதுரைக்குப் போய் உயர் நீதிமன்றக் கிளையில் அப்பீல் செய்ய நினைத்தாலும், முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிய பிறகுதான் போக முடியும்.

நம் ஆட்கள் திருவனந்தபுரம், கோயம்புத்தூர், சென்னை என்று போய்க் கட்டட வேலை பார்க்கிறார்களே, அவர்களுக்கும் சொல்லுங்கள்: அடி அங்கே பட்டிருந்தாலும், தான் வசிக்கும் ஊருக்கான ஆணையரிடமே மனு போடலாம். பீகார், ஒடிசாவிலிருந்து இங்கே வந்து கம்பி கட்டும் பையன்களுக்கும் இதே உரிமை உண்டு.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? விபத்துக்கு முன்பே பதிந்து, புதுப்பித்திருந்தால் விபத்து ஊன உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். அதை வாங்கினால் இழப்பீடு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அட்டை இல்லாதவர்கள் 18 வயதிலிருந்து 60-க்குள் பதியலாம், ஆனால் விபத்துக்குப் பின் பதிந்தால் அந்த விபத்துக்குப் பணம் வராது. முக்கூடலில் அவரோடு வேலைக்குப் போகும் எல்லோரிடமும் இதைச் சொல்லுங்கள்.

அவர்களிடம் இதையும் சொல்லுங்கள். விரல் துண்டாகிவிட்டால் வெட்டுப்பட்ட இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். கயிறு, கம்பி போட்டு இறுக்கக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் வைக்கக் கூடாது. துண்டான விரலை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து ஆளோடு கொண்டுபோக வேண்டும். ஐஸ்மேல் நேராக வைத்தால் சதை கெட்டுப்போகும். விரலில் சதைத் தசை குறைவு என்பதால், குளிர்ச்சியாக வைத்திருந்தால் மறுபடி ஒட்ட வைக்கப் பல மணி நேரம் அவகாசம் கிடைக்கும். சின்ன வெட்டுதான் என்று விடவும் கூடாது: விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மடங்கவில்லை என்றால் உள்ளே தசைநாண் அறுந்திருக்கலாம், ஓரிரு நாளில் தைத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். உங்கள் வீட்டுக்காரரின் மோதிர விரலுக்கு இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த விரலை இன்னும் கைவிட வேண்டாம். தாமதமான தசைநாண் காயத்துக்கும் அறுவை சிகிச்சை உண்டு. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை சிகிச்சைக்கான தனி மையம் இருக்கிறது, ஹைகிரவுண்டில் பார்க்கும் டாக்டரிடம் அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பிசியோதெரபியும் நடக்க வேண்டும். ‘கை தேறிவிட்டால் கேஸில் பணம் குறையும், அதுவரை பயிற்சி வேண்டாம்’ என்று ஒரு பேச்சு நம் பக்கத்தில் சுற்றுகிறது. கேட்காதீர்கள். போன கணுக்களுக்கான 18 சதவீதம் அட்டவணையில் எழுதியிருப்பது, கை எவ்வளவு தேறினாலும் அது குறையாது. நாளைக் காலையிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி விரலை மடக்கி நீட்ட ஆரம்பிக்கட்டும். பதிவேட்டு நகலுக்கு மனு எழுதும் வேலையை நீங்கள் பாருங்கள்.